மாப்பிள்ளைக்கும் அதே கேட்

அபார்ட்மென்ட் சங்கத் தலைவர் வரதராஜுலு விதி போட்டார்.

"வாடகைக்கு வர்றவனோ எவனோ, ஒரு மாசத்துக்குக் கம்மியாத் தங்கினா உள்ளே விடாதே. விட்டா உன் வேலை போச்சு!"

வாட்ச்மேன் செங்கோடன் தலையாட்டினான். அதே அபார்ட்மென்ட்டில், கண் ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்குச் சில நாள் தன் வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைத்த பிலோமினாவின் பிழைப்பில் மண் விழுந்தது.

தலைதீபாவளிக்குத் தலைவரின் மாப்பிள்ளை வந்து இறங்கினார்.

"எத்தனை நாளைக்கு சார்?"

"மூணு நாள்."

கேட் திறக்கவில்லை. தலைவர் ஓடிவந்தார்.

"டேய், என் மாப்பிள்ளைடா!"

"தெரியுதுங்க ஐயா. ஒரு மாசம் தங்குறேன்னு சொல்லட்டும், திறந்துடறேன்."

மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன மாமா, தங்கிட்டாப் போச்சு!"

தலைவருக்கு வியர்த்துவிட்டது. "விதியை எடுத்தாச்சு! கேட்டைத் திற!"

"விருந்தும் மருந்தும் மூணு நாள்தானுங்க ஐயா" என்று செங்கோடன் கேட்டை அகலத் திறந்தான்.

மாப்பிள்ளைக்குப் பின்னாலேயே, கண்ணில் கட்டோடு பிலோமினா வீட்டுக்கு வந்த பெரியவரும் நுழைந்தார்.