பத்து வருஷத்து அதிரசம்

“குதிரைக்குக் கொள்ளு வைத்தால் அது ஓடவாவது ஓடும். எனக்கு எதற்கய்யா கொள்ளுக் கஞ்சி?”

என்று வெள்ளிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார் சந்திரகேது மகாராஜா. மூன்று மாதமாக இதே ராகம். நாட்டைக் கட்டி ஆள்வார். நாக்கைக் கட்டச் சொன்னால் மட்டும் பச்சைக் குழந்தை.

அரண்மனை வைத்தியர் அசையவில்லை. “இன்னும் இருபது வருஷம் இருக்க வேண்டாமா மகாராஜா?”

“இந்தக் கஞ்சியோடு இருபது வருஷமா? அது ஆயுளா, தண்டனையா?”

பக்கத்தில் மாசிலாமணி நின்றார். ராஜா வாயில் வைக்குமுன் விஷம் இருக்கிறதா என்று தின்று பார்ப்பது அவர் உத்தியோகம். ராஜாவுக்குப் பத்தியம் என்றால் இவருக்கும் பத்தியம். அரண்மனைச் சாப்பாடு என்று ஊரே பொறாமைப்பட, மனுஷர் துரும்பாக இளைத்துவிட்டார். வேலையை விட்டுவிடலாம் என்றால், “இப்போது ஓய்வு பெற்றால் பாதி மானியம், ஐந்து வருஷம் கழித்தால் முழுசு” என்கிறார் ராஜா.

மனைவி தெய்வானை காலையில்தான் கத்தியிருந்தாள். “முழு மானியம் வரும்போது உங்களுக்குப் பல் இருக்காது. பாதியோடு வந்தால் பலகாரம் சுட நெய் இருக்காது. எது வேண்டும், சீக்கிரம் சொல்லித் தொலையுங்கள்!”

அன்று ராஜா ஒரு முடிவோடு இருந்தார். ஆசனத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பானை அதிரசத்தை எடுத்து வைத்தார். நெய் வாசனை சபையையே தூக்கியது.

“வைத்தியர் இதை விஷம் என்கிறார்.”

“விஷம்தான். மெதுவாகக் கொல்லும். பத்து வருஷத்தில் வேலையைக் காட்டும்.”

“ஓய் மாசிலாமணி, நீர் சொல்லும். விஷம் இல்லை என்றால் இப்போதே தின்கிறேன். விஷம் என்றால், இத்தனை பண்டிகைக்கு என்னைத் தின்னவிட்டதற்கு உமக்குச் சிறை!”

இல்லை என்றால், பத்தியத்தை மீறவிட்டதற்குப் பட்டத்து ராணி தோலை உரிப்பாள். ஆமாம் என்றால் சிறை. மாசிலாமணி ஒரு அதிரசத்தை நிதானமாகத் தின்றார். கண்ணை மூடினார். இன்னொன்றை எடுத்தார்.

“என்னய்யா?”

“மகாராஜா, நான் தின்றபிறகு விஷம் வேலை செய்யும் நேரம்வரை காத்திருந்து, எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால்தான் தாங்கள் தொடவேண்டும். தங்கள் ஆணை.”

“ஆமாம். ஒரு நாழிகை காத்திருப்போமே.”

“அது சாதாரண விஷத்துக்கு. இதற்குப் பத்து வருஷம் என்று வைத்தியரே சொல்லிவிட்டார். நான் தினமும் தின்றுகொண்டு காத்திருக்கிறேன். பிழைத்தால் வந்து சொல்கிறேன். அப்புறம் தாங்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.”

வைத்தியர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பத்து வருஷம் இங்கேயே நிற்கப் போகிறீரா?”

“நின்றால், கால்வலியில் செத்தேனா அதிரசத்தில் செத்தேனா என்று எப்படித் தெரியும்? வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். இது ஓய்வு இல்லை மகாராஜா, உத்தியோகம். ஆகவே மானியம் முழுசு. நெய்யும் வெல்லமும் அரண்மனைச் செலவு.”

ராஜா முறைத்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். “என் ஆணையை வைத்தே என்னைக் கட்டிப்போட்டீரே! போம், எல்லாம் தந்தேன்.”

மாசிலாமணி கும்பிட்டார். பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து ராஜாவின் குரல் கெஞ்சியது.

“ஓய்... ஒன்றே ஒன்று வைத்துவிட்டுப் போமேன்!”

வைத்தியர் விதானத்தைப் பார்த்தார். மாசிலாமணியாலும் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய உத்தியோகம்.