நீர்நாய் சொல்லாமல் விட்ட குறை

மருதமரக் காட்டில் குளக்கரைப் பாறை ஒன்று இருந்தது. மனம் நொந்த விலங்குகள் அங்கே வந்து மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டுப் போகும். காது கொடுத்துக் கேட்கப் புதியவர்களைப் பழக்குவது நீர்நாயின் பொறுப்பு. அதற்கோ இளகிய மனசு. யார் முகமும் வாடக் கூடாது!

பயிற்சிக்கு வந்த அணிலுக்கு வாய் ஓயாது. யாராவது அழ ஆரம்பித்தால் போதும், குறுக்கே புகுந்து யோசனை சொல்லும். நீர்நாய் புதருக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும். “எப்படிச் செஞ்சேன்?” என்று அணில் கேட்டால், “பரவாயில்லை, பரவாயில்லை!” என்று தட்டிக்கொடுக்கும்.

ஒருநாள் கவுதாரி வந்தது. அதன் முட்டைகளைப் பாம்பு விழுங்கிவிட்டது.

“கொஞ்சம் தண்ணி குடிக்கத்தான் போனேன்...”

“விடுங்கக்கா! அடுத்த தடவை மரத்து மேல கூடு கட்டுங்க!” என்றது அணில்.

தரையில் முட்டையிடும் பறவையிடம் சொல்கிற பேச்சா இது! கவுதாரி எழுந்து போய்விட்டது. அன்றிலிருந்து சரியாக இரை எடுக்கவில்லை.

சேதி கேட்டதும், பாறைக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆந்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அணிலை இன்னைக்கே அனுப்பிடு!” என்றது. நீர்நாய் தயங்கித் தயங்கி அணிலிடம் போய்ச் சொன்னது.

“மூணு மாசமா நல்லாச் செய்யறேன்னு நெனச்சேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அணில் அழுதது.

நீர்நாய்க்கு வெட்கமாகப் போயிற்று. இரக்கம் என்று தான் நினைத்தது வெறும் பயம் என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது.

“தப்பு என் மேலயும்தான். இப்ப சொல்றேன், கேளு. நீ யாரையும் பேசி முடிக்க விடறதில்ல. பௌர்ணமி வரைக்கும் தனியா உட்காராதே, நான் பக்கத்துல இருப்பேன். வாயில ஒரு கொட்டையைக் கவ்விக்கோ. அப்பவும் முடியலேன்னா இந்த வேலை உனக்கு வேண்டாம். அதையும் நானே உன்கிட்ட சொல்லுவேன்!”

நீர்நாய் போய்க் கேட்டதும் ஆந்தையும் அரைமனதாகச் சம்மதித்தது.

பத்து நாள் பழகிய பிறகு, நீர்நாயே போய் மன்னிப்புக் கேட்டுக் கவுதாரியை அழைத்து வந்தது. கவுதாரி பேசப் பேச அணிலின் வால் துடித்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கொட்டையைக் கீழே வைத்து, “எத்தனை முட்டை, அக்கா?” என்று மட்டும் கேட்டது.

“நாலு” என்று சொல்லிக் கவுதாரி விம்மி விம்மி அழுதது. அழுது முடித்துப் போகும் வழியில், நின்று புல்விதை கொத்தித் தின்றது.

“எப்படிச் செஞ்சேன்?” என்றது அணில்.

“நல்லாக் கேட்டே. ஆனா அது அழும்போது நீ வேற பக்கம் பாத்துட்டே!”

“சரி, அடுத்த ஆளை வரச் சொல்லுங்க!” என்று அணில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

குறையை மறைத்துத் தட்டிக்கொடுப்பவரை விட, குறையைச் சொல்லிவிட்டுக் கூடவே இருப்பவரே கற்பவருக்கு நல்ல துணை.