உள்ளே போக ஒருவருக்குத்தான் அனுமதி

இந்தக் கதைக்கு நடுவில் யாரும் பதில் சொல்லிவிட வேண்டாம். கேட்க வேண்டிய இடத்தில் நானே நிறுத்திக் கேட்கிறேன். அதுவரை மூன்று பேர் பேச்சுக்கும் ஒரே மாதிரி காது கொடுங்கள்.

மதுரை வில்லாபுரத்தில் சோலைராஜ் என்று ஒருவர். நூல் ஆலையில் வேலை. மனைவி பஞ்சவர்ணம். ஒரே மகள் அங்கயற்கண்ணி, வீட்டில் கண்ணி. பஞ்சவர்ணத்துக்கு எப்போதாவது வலிப்பு வரும். வந்தால் தெருவே ஓடிவந்து சாவிக்கொத்தை அவர் கையில் திணிக்கும். கண்ணி மட்டும் சாவியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தெளிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

"இரும்பு கையில இருக்கு, கோளாறு தலையில இருக்கு. நடுவுல என்ன நடக்குது?" என்று ஒருநாள் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அப்படியானால் மூளையைப் பற்றிய நரம்பறிவியலை நானே படித்துத் தெரிந்துகொள்கிறேன் என்றாள். சும்மா சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை, ஆலை வாசலில் நிற்பவர்களிடமெல்லாம் அவர்கள் கேட்காமலே சோலைராஜ் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரி பார்த்ததில்லை. மாப்பிள்ளை பார்த்துத்தான் பழக்கம். ஆகவே கல்லூரியையும் அப்படியே பார்க்கப் புறப்பட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போவது, அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, பிடித்துப்போனாலும் முகத்தில் காட்டாமல் திரும்புவது. அப்பா ஒரு பக்கம், தாய்மாமன் வீரணன் ஒரு பக்கம், அத்தை பாண்டீஸ்வரி ஒரு பக்கம். எந்தக் கல்லூரியானாலும் சேரும் நாளில் மாணவியோடு ஒருவரைத்தான் உள்ளே விடுவார்களாம். அந்த ஒருவராக இருக்க மூவருக்கும் ஆசை. யார் பார்த்தது அமைகிறதோ அவரே போகட்டும் என்று பேச்சு. மாற்றுச் சான்றிதழும் ஒன்றே ஒன்று. ஓரிடத்தில் கொடுத்தால் கொடுத்ததுதான்.

முதலில் வந்தவர் மாமா. சரக்கு வண்டி ஓட்டுபவர். ஊருக்கு வெளியே புதிதாக ஒரு தனியார் கல்லூரி கண்டிருந்தார்.

"பாடத்தோட பேரே நரம்பறிவியல்க்கா. சுவத்துல ஆள் உயரத்துக்கு மூளை வரைஞ்சு வச்சிருக்கான்."

"ஃபீஸ்?" என்றார் பஞ்சவர்ணம்.

"வண்டியக் குடுத்துடுறேன்."

"குடுத்துட்டு நீ என்னத்த ஓட்டுவ?"

"தள்ளுவண்டி இல்லையா? அதத் தள்ளிக்கிறேன்."

அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கண்ணி கேட்டாள். "இனிமேத்தான் முடிக்கணும். உங்க செட்டுதான் அங்க முதல் செட்டு" என்றார் மாமா, பெருமையாக.

அடுத்தது அப்பா. இரண்டு தெரு தள்ளி அரசு உதவி பெறும் கல்லூரி. பாடம் உயிர்வேதியியல். கட்டணம் கையைக் கடித்தாலும் கட்டிவிடலாம். பாடம் நன்றாக நடத்துகிறார்கள் என்று எதிர் டீக்கடையில் சொன்னார்களாம். பட்டம் வாங்கிய கையோடு பெரும்பாலானவர்கள் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்களாம்.

"அதோட, உங்கம்மாவுக்கு வந்துச்சுன்னா நீ ஓடியாந்துடலாம் தாயி."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியாக அத்தை. தையல் வேலை செய்பவர். நகரின் மறுகோடியில் இருக்கும் அரசுக் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு பேருந்து மாற வேண்டும். சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. கட்டணம் பேருக்குத்தான். பாடம் விலங்கியல்.

வீரணன் சிரித்தார். "மூளையப் படிக்கணுங்குற பிள்ளையத் தவளையப் படிக்க அனுப்புறியாக்கும்?"

"தவளைக்கும் மூளை இருக்கு மாமா" என்று அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஆபீசுல அவங்க பெருமையத்தான் சொல்லுவாங்க. டீக்கடையில காதுல விழுந்ததச் சொல்லுவாங்க. ஒரு வீட்டப் பத்தி அங்க வாழ்ந்த மருமககிட்டதானண்ணே கேக்கணும்?"

அப்படி ஒருத்தியைக் கல்லூரி வாசலிலேயே பிடித்திருக்கிறார். பட்டச் சான்றிதழ் வாங்க வந்த பெண். அங்கே விலங்கியல் முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, இப்போது பெங்களூரில் உதவித்தொகையோடு மூளையைத்தான் படிக்கிறாளாம். முதல் பட்டத்தில் உயிரியல் கெட்டியாக இருந்தால் போதும், நரம்பறிவியலுக்கு அதற்குப் பிறகு திரும்பலாம் என்றாளாம். ஆய்வகத்தைக் கேட்டால் திறந்துவிடுவார்கள் என்றும் சொன்னாளாம்.

இப்போது சொல்லுங்கள். மாமா, மருமகள் ஆசைப்பட்ட பெயரையே தேடிப் பிடித்து, பிழைக்கிற வண்டியை விடவும் துணிந்தார். அப்பா, மகளையும் மனைவியையும் சேர்த்தே நினைத்தார். அத்தை, தூரமும் பழங்கட்டடமும் தெரிந்தே அந்தக் கல்லூரியைச் சொன்னார். இதில் யார் பார்த்தது சரி? கண்ணியோடு உள்ளே போக வேண்டியவர் யார்?

அத்தைதான். மாமா பார்த்தது பலகையில் எழுதியிருந்த பெயரை. அந்தப் பெயர் இன்னும் ஒருவரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. வண்டியும் போய்விட்டால் மேற்படிப்புக்குக் கைகொடுக்க அவராலும் முடியாது. அப்பா பார்த்தது அம்மாவுக்கு ஒரு துணையை. கண்ணி போக நினைக்கிற இடத்துக்கு ஏற்கனவே ஒருத்தி போயிருக்கிறாளா என்று பார்த்தவர் அத்தை ஒருவர்தான். அப்பா சொன்னதிலும் நியாயம் உண்டே என்பீர்கள். உண்டு. அதற்குப் பதில் சொல்லும் உரிமை பஞ்சவர்ணத்துக்கே, அவரும் சொன்னார்: "என்னை ஒருக்களிச்சுப் படுக்க வைக்க அடுத்த வீட்டு ஆளுக்குக்கூடக் கத்துக் குடுத்துடலாம். இவ படிக்கப் போறத இந்தத் தெருவுல வேற யாரு படிப்பா?" சேர்க்கை நாளில் கண்ணியோடு அத்தை உள்ளே போனார். மற்ற மூவரும் கல்லூரி வாசலில் வெயிலில் நின்றார்கள். "உள்ள போயிருக்கிறது என் மக. மூளையப் படிக்கப் போறா" என்று சோலைராஜ் காவலாளியிடம் சொன்னார். "தெரியும்யா, இப்பத்தான அவரு சொன்னாரு" என்று காவலாளி வீரணனைக் காட்டினார்.