பூட்டிய குன்று

“குன்று எங்களுடையது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா. அது போதும்.”

கேட்டவர் திருமேனி. குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலின் தர்மகர்த்தா.

மங்கையர்க்கரசி அம்மாள் ஊருக்கு வெளியே தனியாக ஒரு மடத்தில் இருந்த துறவி. வயதில் திருமேனியைவிட மிகவும் இளையவர். ஆனாலும் அவரைத்தான் திருமேனி குருவாக ஏற்றிருந்தார்.

அதே குன்றில் ஒரு தர்காவும் இருந்தது. இடம் யாருக்கு என்ற சண்டையில் கல் பட்டுத் திருமேனியின் தம்பி மகனுக்கு ஒரு கண் போயிற்று. ராவுத்தர் தெருவில் இரண்டு கடைகள் எரிந்தன. அதன்பின் அதிகாரிகள் குன்றைப் பூட்டிவிட்டார்கள்.

அம்மாள் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் அந்தக் குன்றுக்குப் போனதே இல்லை. வாருங்கள்.”

வழியில் கேட்டார்:

“மேலே எப்படி இருக்கும்?”



“பாதி வழியில் ஒரு சுனை உண்டு அம்மா. எங்கள் அபிஷேகத்துக்கு அந்தத் தண்ணீர்தான். தர்காவின் சந்தனக்கூட்டு விழாவுக்குச் சந்தனம் அரைக்கவும் அதுதான். அந்த வாரம் முழுக்கப் படியெல்லாம் மணக்கும்.”

“பிறகு?”

“பள்ளிக்கூடம் விட்டதும் நானும் உதுமானும் அங்கேதான் கிடப்போம். பாறை கொதிக்கும். தண்ணீர் மட்டும் சில்லென்று இருக்கும். சட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கீழே ரயில் போவது தெரியும். இரண்டு பேருக்கும் வீட்டில் அடி விழும்.”

அவர் சிரித்தார். சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

“உதுமான் யார்?”

“உதுமான் ராவுத்தர்.” குரல் இறங்கியது. “தர்கா தரப்பில் எங்கள்மேல் வழக்குப் போட்டிருப்பவர்.”

அடிவாரத்தில் கம்பிக் கதவு. பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு பெண் காவலர் உட்கார்ந்திருந்தார்.

“மேலே போகலாமா அம்மா?” என்று கேட்டார் துறவி.

“ரெண்டு தரப்புப் பெரியவங்களும் சேர்ந்து வந்தா திறந்துவிடச் சொல்லி உத்தரவுங்க. கோயில்ல விளக்குப் போட்டுட்டு, தர்காவுல பாத்தியா ஓதிட்டு இறங்கிடணும்.”

“யாரும் வரவில்லையா?”

“தனித்தனியா வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க. சேர்ந்து இதுவரைக்கும் யாரும் வரலை.”

அம்மாள் திருமேனியைப் பார்த்தார்.

“இந்த உத்தரவு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அம்மாள் கதவுக்கு வெளியே கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

திருமேனி வெயிலில் நின்றார். குன்றை அண்ணாந்து பார்த்தார். படிகளை மறைத்துக்கொண்டு புல் வளர்ந்திருந்தது.

பிறகு ராவுத்தர் தெருவை நோக்கி நடந்தார்.

எரிந்த கடைகளின் முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் வழியை மறிப்பதுபோல் வந்தான். திருமேனி நிற்கவில்லை. அவன் என்ன நினைத்தானோ, ஒதுங்கிக்கொண்டான்.

கதவைத் தட்டினார். உதுமான் ராவுத்தரே திறந்தார். தாடி முழுதும் வெளுத்திருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  திருமேனியின் கை குன்றின் பக்கம் நீண்டது.

ராவுத்தர் உள்ளே போனார். தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு மாப்ளே?” என்றார். “மெதுவாவே ஏறலாம்.”