வாளி வழக்கு

தென்காசிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தினமும் ஸ்கூட்டரில் ரோந்து சுற்றுகிற போலீஸ்காரர் அன்னத்தாய். ஒரு நாள் காலையில் விடுதிப் பெண்கள் நாற்பது பேர் வாளியும் கையுமாகப் பதிவாளர் அறை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று நாளாக விடுதிக் குழாயில் தண்ணீர் இல்லை.

பதிவாளர் சபாபதிக்குக் கோபம் தலைக்கேறியது. பேராசிரியர்கள் இரண்டு பேர் பார்த்திருக்க, அன்னத்தாயை உள்ளே கூப்பிட்டார்.

“ஆயுதத்தோட வந்து மிரட்டினாங்கன்னு எழுதும்மா. வழக்கு வந்தா அத்தனை பேரையும் நீக்கிடலாம். எழுதலேன்னா உன்னை மாத்தச் சொல்லி எஸ்.பி.க்குப் போன் போடுவேன்.”

“ஆயுதம் எதுங்கய்யா?”

“ஏன், வாளி இல்லையா? அதால அடிச்சா மண்டை உடையாதா?”

“உடையும்யா” என்று அன்னத்தாய் காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். “நாற்பது வாளியையும் கோர்ட்டுல ஒப்படைக்கணும். எப்படி இருந்துச்சுன்னும் எழுதணும். காலியா இருந்துச்சா, தண்ணியோட இருந்துச்சா?”

“காலிதான்.”

“ஏன் காலின்னு ஜட்ஜ் கேட்டா, ஐயாதான் கூண்டுல ஏறிப் பதில் சொல்லணும். தண்ணி இருந்துச்சுன்னு எழுதிரட்டுமா? அப்போ எந்தக் குழாயில பிடிச்சாங்கன்னு காட்டச் சொல்லுவாரு.”

ஒரு பேராசிரியர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பதிவாளர் அந்தக் காகிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். பிறகு பொறியாளருக்குப் போன் போட்டார்.

மதியத்துக்குள் இரண்டு லாரி தண்ணீர் வந்தது. அன்னத்தாய் ரோந்துப் புத்தகத்தில் ‘வளாகம் அமைதி’ என்று எழுதிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பெண்கள் ஈரத் தலையோடு வகுப்புக்குப் போனார்கள்.