தீப்பெட்டிக்காரி காட்டிய சான்று

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலை இருந்தது. வெளிநாட்டு லைட்டர்கள் வந்து குவிந்ததில் ஆலையை மூடிவிட்டார்கள். வேலை இழந்த நாற்பது பேர் அரசு உதவித்தொகை கேட்டு, மனு வாங்கும் முகாமுக்குப் போனார்கள்.

மேடையில் இருந்த அதிகாரி மனுக்களைத் தள்ளிவிட்டார். "உங்க வேலை போனது அவங்க லைட்டராலதான்னு அந்த வெளிநாட்டுக் கம்பெனியே எழுதிக் கொடுக்கணும். கொண்டு வாங்க, பார்ப்போம்."

ஆலையில் பெட்டி ஒட்டி வந்த செண்பகவல்லி முன்னால் வந்தாள்.

"காட்டுறேன் சார். காத்துல மேடைக் குத்துவிளக்கு அணைஞ்சிருச்சு, முதல்ல அதை ஏத்துங்க."

அதிகாரி சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்து விளக்கை ஏற்றினார்.

"அதுக்கு அடியில என்ன எழுதியிருக்கு? சத்தமா வாசிங்க சார்."

திருப்பிப் பார்த்தவருக்கு முகம் சுருங்கியது. அதில் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் இருந்தது.

"நீங்க கேட்டதை அந்தக் கம்பெனியே அச்சடிச்சு உங்க பையில வச்சிருக்கே சார்! மேடையில யார்கிட்டயாவது ஒரு தீப்பெட்டி இருந்தா, நாங்க பேசாம திரும்பிப் போயிடுறோம்."

மேடையில் ஒருவரும் பைக்குள் கை விடவில்லை. கூட்டம் சிரித்தது. நாற்பது மனுவிலும் கையெழுத்து விழுந்தது.

"நீ என்னம்மா படிச்சிருக்கே?" என்றார் அதிகாரி.

"இருபது வருஷம் தீப்பெட்டி செஞ்சிருக்கேன் சார்" என்று நிமிர்ந்து சொன்னாள் செண்பகவல்லி.