சிரட்டைக்குள் கிடந்த கம்பி

பொதிகை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்தும் அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் சொரிமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் இவரை "அம்மா" என்பார், இவர் அவரை "அண்ணாச்சி" என்பார். வேடிக்கையான குருவும் சீடரும்தான். மடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சொரிமுத்து அம்பாசமுத்திரத்தில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருந்தார். நல்ல வேலைக்காரர். கோபத்துக்கும் குறைச்சல் இல்லை.

அன்று மத்தியானம் முகம் வாடி வந்து அம்மையின் முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மா, என் வீட்டுக்காரி கோமதி இன்னைக்கு இங்க வாரா. கோவிச்சுக்கிட்டு மக வீட்டுக்குப் போயி ஒரு மாசம் ஆச்சு. உங்க முன்னால பேசிட்டு, என்கூட வரலாமா வேண்டாமான்னு சொல்லுதேன்னுட்டா."

"சரி."

"வரலைன்னு சொல்லிட்டா அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு? நீங்கதான் ஒரு வழி பண்ணணும். இனிமே நாங்க எதைப் பேசக்கூடாதுன்னு நீங்களே தீர்த்துச் சொல்லிருங்க."

"முன்னாடி சண்டை வந்தப்ப எப்படித் தீர்த்தீங்க?"

"முதச் சண்டை அவ அண்ணனால வந்துது. இனி அந்த ஆளைப் பத்திப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணினோம். ரெண்டு வருசம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் மக கல்யாணத்துல ஒரு தகராறு. சரி, அந்தப் பேச்சும் வேண்டாம்னு விட்டோம். அது ஆறு மாசம்கூடத் தாங்கல."

"இப்ப என்ன?"

சொரிமுத்து தலையைச் சொறிந்தார். "குழம்புல உப்பு கூடன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பெட்டியத் தூக்கிட்டா."

"அப்ப இனி சாப்பாட்டைப் பத்தியும் பேசக்கூடாது."

"அதைத்தான் நானும் நினைச்சேன்," என்றார் சொரிமுத்து. கிண்டல் அவருக்கு உறைக்கவில்லை.

அம்மை எழுந்தார். "கோமதிக்கு ஒரு காபி கொடுக்க வேண்டாமா? கரண்ட் அடுப்புல கம்பி மறுபடியும் அறுந்து கிடக்கு. மொதல்ல அதைப் பாருங்க."

அடுக்களையில் சொரிமுத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடுப்பின் முன்னால் குந்தினார். கம்பிச் சுருள் அறுந்த இடம் கருகி, தொட்டால் பொடிந்தது. கருகினதைக் குறட்டால் நறுக்கி எறிந்தார். மிச்சக் கம்பியை இரண்டு பக்கமும் இழுத்து முறுக்கிச் சேர்த்தார். சுவிட்சைப் போட்டதும் சுருள் கண் கூசச் சிவந்தது.

"பார்த்தீங்களா, புதுசுலகூட இப்படிச் சிவந்ததில்ல," என்றார். இருந்த கவலையிலும் அதில் அவருக்கு ஒரு பெருமை.

"ஏன் அப்படி? தெருக் கம்பத்துல இருந்து வாறது கூடிட்டுதா?"

"அது எப்பவும் இருநூத்து முப்பது வோல்ட்டுதான் அம்மா."

"மீட்டரை வச்சுப் பார்த்துச் சொல்லுங்களேன்."

அவர் பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். "வோல்ட்டு அதே இருநூத்து முப்பது. ஆம்பியர் அஞ்சே முக்கால்."

"அதுல இருந்து என்ன தெரியும்?"

"வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா, கம்பி எவ்வளவு தடுக்குதுன்னு தெரியும். நாப்பது ஓம். ரெண்டையும் பெருக்கினா எவ்வளவு எரியுதுன்னு தெரியும். ஆயிரத்து முந்நூறு வாட்டுக்கு மேல வருது."

"புதுசுல எவ்வளவு?"

"ஆயிரம் வாட் அடுப்புதான் இது. அப்ப கம்பி அம்பத்து மூணு ஓம் இருந்திருக்கும்."

"வோல்ட்டு மாறல. பின்ன எது மாறிச்சு?"

"கம்பிதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நறுக்கிடுதோம்லா. கம்பி குட்டையாயிட்டா தடுக்கிறது குறையும், கரண்ட் கூடப் பாயும், சூடும் கூடும். அதான் இப்படிச் சிவக்குது." சொரிமுத்துவின் குரல் இறங்கியது. "இது நிக்காது அம்மா. சீக்கிரம் அறுந்துரும்."

"முதத் தடவை நறுக்கிச் சேர்த்தீங்களே, அது எவ்வளவு நாள் தாங்கிச்சு?"

"அது ஒரு வருசம் ஓடிச்சு. அடுத்த தடவை..." சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

அம்மை ஜன்னலில் இருந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். யார் காலிலாவது குத்திவிடும் என்று, சொரிமுத்து ஒவ்வொரு முறையும் நறுக்கி எறிந்த துண்டுகளை அம்மைதான் பொறுக்கி அதில் போட்டு வைத்திருந்தார். இன்றைய துண்டையும் தரையிலிருந்து எடுத்து அதில் போட்டார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கோமதி நேரே அடுக்களைக்கே வந்தாள். உட்காரவில்லை.

"ஆட்டோவ நிக்கச் சொல்லியிருக்கேன் அம்மா. சொல்லுங்க. இனி நாங்க எதைப் பேசக்கூடாதாம்?"

அம்மை சொரிமுத்து பக்கம் திரும்பினார். சொரிமுத்து சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.

"உன் அண்ணன்..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சான் எப்படி இருக்காரு?"

கோமதியின் முகம் இறுகியது. "அது உங்களுக்கு எதுக்கு?"

"கேக்கேன். சொல்லு."

"சொன்னாத் தாங்குவீங்களா?"

"தெரியல. சொல்லு."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அன்னைக்கு நம்ம வாசல்ல வச்சு அவரை என்ன வார்த்தை சொன்னீங்க? நினைப்பு இருக்கா?" என்று தொடங்கினாள். குரல் ஏறியது, நடுவில் உடைந்தது, மறுபடியும் ஏறியது. சொரிமுத்துவுக்கு வேர்த்து வடிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவள் பேச்சு இன்னும் மகள் கல்யாணத் தகராறுக்கே வரவில்லை.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஆட்டோவப் போகச் சொல்லிருங்க அம்மா. இது இப்ப முடியிற பேச்சு இல்ல."

சொரிமுத்து தப்பித்தவர்போல எழுந்தார். "நான் போயிச் சொல்லுதேன்."

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி," என்றார் அம்மை. "நான் சொல்லிக்கிடுதேன். நீங்க கேக்கணும்லா."